கரையோர அரசுப் பள்ளியில் படிப்பை நிமிர்த்துவது எப்படி? ராமநாதபுரம் கடற்கரைக்கு ஒரு முழு வழிகாட்டி

பத்தாம் வகுப்புக் கணக்கில் 41 வாங்கிப் பாஸான பையன் ஒருவன் ஆறு வருஷம் கழித்து என் வீட்டு வாசலில் வந்து நின்றான். கையில் நாலு பக்கத் தாள். வளைகுடாவில் வேலைக்கு ஏஜென்ட் கொடுத்த அக்ரிமென்ட். “சார், இதுல எங்க கையெழுத்துப் போடணும்னு மட்டும் சொல்லுங்க” என்றான். என்ன எழுதியிருக்கிறது என்று அவன் கேட்கவே இல்லை. உட்கார வைத்துப் படிக்கச் சொன்னேன். ஒரு பக்கம் இங்கிலீஷ், எதிர்ப்பக்கம் அரபி. அரபியைச் சின்ன வயதில் ஓதிய பழக்கத்தில் எழுத்துக் கூட்டினான், பொருள் தெரியாது. இங்கிலீஷில் தட்டுத் தடுமாறி மாதச் சம்பளம் என்ற இடத்தைக் கண்டுபிடித்தான். அங்கே இருந்த தொகை, ஏஜென்ட் வாயால் சொன்னதில் முக்கால்வாசிதான். அதுவும் நான் விரலை வைத்துக் காட்டிய பிறகுதான் அவன் கண்ணில் பட்டது.

அந்த 41-ஐ வாங்கிக் கொடுத்தவன் நான்தான். செய்முறை வடிவியலும் வரைபடமும் சேர்ந்தால் 16 மதிப்பெண். அதோடு வருஷா வருஷம் திரும்ப வரும் கணக்குகள் கொஞ்சத்தை மனப்பாடம் பண்ண வைத்தால் 35 தாண்டிவிடும். கணக்கு வாத்தியார்கள் எல்லாருக்கும் கைவந்த வித்தை இது. அந்த வருஷம் எங்கள் பள்ளி நூறு சதவீதம்; எனக்குத் துண்டு போர்த்தினார்கள். வரைபடத்தாளில் பரவளையம் வரையத் தெரிந்த பையனுக்குத் தன் சம்பளத்தைத் தாளில் தேடத் தெரியவில்லை.

தொண்டிப் பக்கம் ஆரம்பித்து, மண்டபம், ஏர்வாடி, சாயல்குடி என்று கரையை ஒட்டியே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்தக் குறிப்புகள் தலைமையாசிரியர்களுக்கும், புதிதாக இந்தப் பக்கம் மாற்றலாகி வந்த ஆசிரியர்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழுவில் பேர் கொடுத்துவிட்டு ‘அடுத்து என்ன செய்யணும்?’ என்று உட்கார்ந்திருக்கும் பெற்றோருக்கும். புதுக் கட்டடம், புது நிதி எதுவும் கேட்கப்போவதில்லை. இருக்கிற ஆளை, இருக்கிற நேரத்தை, ஏற்கெனவே இருக்கிற அரசுத் திட்டங்களை வைத்துச் செய்யக்கூடியதை மட்டும் வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: 18 வயதிலிருந்து பின்னோக்கி எழுதுங்கள்

தரம் என்றால் என்ன என்று பத்து ஆசிரியர்களைக் கேட்டால் ஒன்பது பேர் தேர்ச்சி சதவீதத்தைச் சொல்வார்கள். அதைக் கொஞ்சம் ஒதுக்கிவையுங்கள். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் ஆசிரியர்களும் ஏழெட்டுப் பெற்றோரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஒரே கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: நம்ம ஊர்ப் பிள்ளை 18 வயதில் பிறர் துணையில்லாமல் என்னவெல்லாம் செய்யத் தெரிந்திருக்க வேண்டும்?

பதில்கள் தானாக வரும். ஒரு கூட்டத்தில் வந்தவற்றைச் சொல்கிறேன். வங்கியில் நகைக் கடன் ரசீதைப் படித்து, மீட்கும் நாளில் எவ்வளவு கட்ட வேண்டும் என்று கணக்குப் போட வேண்டும். பட்டாவில் இருக்கும் புல எண்ணும் பரப்பும் புரிய வேண்டும். மருந்துச் சீட்டில் எழுதிய வேளைக்கு மருந்து கொடுக்க வேண்டும். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குத் தன் மனுவைத் தானே எழுத வேண்டும். கல்லூரி விண்ணப்பத்தை ஆன்லைனில் தானே நிரப்ப வேண்டும். ஜி.பி.எஸ். கருவியில் தெரியும் எண்ணைக் கடல் வரைபடத்தில் குறிக்க வேண்டும். வேலை அக்ரிமென்டில் சம்பளம், வேலை நேரம், விடுப்பு மூன்றையும் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு பாட்டியம்மா, “புருஷன் வீட்ல எதையாவது நீட்டி கையெழுத்துப் போடுன்னா, படிச்சுட்டுப் போடுறேன்னு சொல்லத் தெரியணும்” என்றார். அதையும் எழுதிக்கொண்டோம்.

பன்னிரண்டு பதின்மூன்று வரிக்கு மேல் போகவிடாதீர்கள். எழுதியதைத் தலைமையாசிரியர் அறையில், தேர்ச்சி சதவீதப் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்.

இரண்டாம் படி: ஜூனிலேயே அளந்துவிடுங்கள்

ரொம்பப் பேர் தாண்டிப் போகிற படி இதுதான். எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை; அது சரியான ஏற்பாடுதான். ஆனால் யாருக்கு என்ன தெரியும் என்று பார்க்காமலே மேலே அனுப்பிவிடுகிறோம். பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்கு வந்த பிறகு, ‘இவனுக்கு வாசிக்கவே தெரியலையே’ என்று பழி கீழே போகும். உயர்நிலைப் பள்ளி நடுநிலைப் பள்ளியைச் சொல்லும், அது தொடக்கப் பள்ளியைச் சொல்லும், தொடக்கப் பள்ளி வீட்டைச் சொல்லும்.

அளப்பதற்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு 2005 முதல் ‘அசர்’ என்ற கற்றல் ஆய்வுக்காக நாடு முழுக்கக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்ச் சோதிக்கிற முறை. ஒரே தாளில் நாலு கட்டம்: தனி எழுத்துகள், எளிய சொற்கள், முதல் வகுப்பு அளவில் நாலு வரி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு சின்னக் கதை. கணக்குக்கு எண்களைச் சொல்வது, கடன் வாங்கிக் கழிப்பது, மூன்றிலக்க எண்ணை ஓரிலக்கத்தால் வகுப்பது. ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிஷம் போதும். மூன்றாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை எல்லாரையும் சோதியுங்கள். தனித்தனியாக, வராந்தாவிலோ மரத்தடியிலோ கூப்பிட்டு உட்கார வையுங்கள். வகுப்பு நடுவே நிற்க வைத்துச் சோதித்தால் பாதிப் பிள்ளைகளுக்கு வாயே திறக்காது.

ஒரு எச்சரிக்கை. பாடப்புத்தகத்தை வைத்துச் சோதிக்காதீர்கள். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி தமிழ்ப் பாடத்தை மடமடவென்று வாசித்தாள். கண் புத்தகத்தில்தான் இருந்தது. எனக்கு என்னவோ தட்டுப்பட்டு, வரியின் நடுவில் ஒரு சொல்லில் விரலை வைத்து ‘இது என்னம்மா?’ என்றேன். அவள் வரியின் தொடக்கத்துக்குப் போய், உதட்டுக்குள்ளேயே முணுமுணுத்தபடி விரலை ஒவ்வொரு சொல்லாக நகர்த்தி, என் விரல் இருந்த இடம் வந்ததும் நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள். சரியான விடைதான். பாடம் முழுக்க மனப்பாடம். எத்தனையாவது சொல் என்று எண்ணியிருக்கிறாள். ஆறு வருஷம் அப்படியே ஓட்டியிருக்கிறாள். அந்த மூளைக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்க எங்களுக்கு ஏழு வாரம்தான் ஆனது.

வந்த விவரத்தை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மேலே யாருக்கும் அனுப்ப வேண்டாம். அனுப்ப வேண்டும் என்றாலே எண்கள் தானாக அழகாகிவிடும். உண்மை எண் எப்போதும் முகத்தில் அடிக்கும். 2009-ஆம் ஆண்டு சுற்றில் பீசா என்ற உலகளாவிய மாணவர் மதிப்பீட்டில் தமிழ்நாடும் இமாச்சலமும் கலந்துகொண்டன. வரிசையில் கடைசிப் பக்கம்தான் இடம் கிடைத்தது. கேள்விகள் நம் பிள்ளைகளுக்குப் பழக்கமில்லாதவை என்று சொல்லி, இந்தியா அடுத்த சுற்றுகளுக்குப் போவதையே விட்டுவிட்டது. பள்ளி அளவில் அந்தத் தப்பை நாம் செய்ய வேண்டாம்.

மூன்றாம் படி: ஒரு மணி நேரம், வகுப்பைக் கலைத்து

அளந்தாகிவிட்டதா? சரி, இனி தினமும் ஒரு மணி நேரம் வகுப்புகளைக் கலைத்துவிடுங்கள். ஐந்தாவதா ஏழாவதா என்று பார்க்காமல், எழுத்து தெரியாதவர்கள் ஒரு குழு, சொல் வாசிப்பவர்கள் ஒரு குழு, வரி வாசிப்பவர்கள் ஒரு குழு. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ‘எண்ணும் எழுத்தும்’ என்ற அரசுத் திட்டம் ஏறக்குறைய இதே வழியில்தான் போகிறது. 2022-இல் தொடங்கியது அது. அதற்கு முன் படித்து மேலே போய்விட்டவர்களையும் கொரோனா காலத்தில் விட்டுப்போனவர்களையும் மேல் வகுப்புகளில் நாம்தான் பிடிக்க வேண்டும். காலை உணவு முடிந்து பிள்ளைகள் தெம்பாக இருக்கும் முதல் பாடவேளை இதற்கு ஏற்றது. கடைசிப் பாடவேளையில் வைத்தால் ஒரு வாரத்தில் படுத்துவிடும்.

பெரிய பையன்கள் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வெட்கப்படுவார்கள். எட்டாம் வகுப்புக்காரனைத் தனிக் குழுவில் போட்டு, அவனுக்குப் பழகிய தாள்களைக் கொடுங்கள். ‘அணில் மரத்தில் ஏறியது’ வேண்டாம். ஐஸ் கம்பெனி பில், டீசல் ரசீது, ரேஷன் கடைப் பலகை, ‘பாம்பனில் 3-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது’ என்ற செய்தித் துண்டு. கூண்டு எண் ஒவ்வொன்றுக்கும் என்ன பொருள் என்று அவன் அப்பாவுக்குத் தெரியும். வீட்டில் கேட்டு வந்து அவனே வகுப்புக்குச் சொல்வான். அன்றைக்கு அவன் கையில் இருக்கிற தாள் அவனுக்குச் சின்னப் பிள்ளைச் சமாச்சாரமாகத் தெரியாது.

இந்தக் கரையில் இன்னொரு சிக்கல். பிள்ளை வீட்டில் ‘அப்பா வந்தாக, அத்தை போறாக’ என்று பேசும். புத்தகத்தில் ‘வந்தார்கள், போகிறார்கள்’. பேச்சைத் திருத்தப் போகாதீர்கள், அது அவர்கள் வீட்டு மொழி. முதலில் பிள்ளை சொன்னதைச் சொன்னபடியே கரும்பலகையில் எழுதி வாசிக்க வையுங்கள். தன் வாயிலிருந்து வந்த வாக்கியம் என்பதால் சட்டென்று பிடிபடும். கீழே அதையே புத்தகத் தமிழில் எழுதுங்கள். ரெண்டு மாதத்தில் இரண்டுக்கும் நடுவில் தாங்களே போய் வருவார்கள்.

பள்ளிக்கு வரும் ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்கள் பல இடங்களில் கட்டுப் பிரிக்காமல் பீரோவில் இருக்கின்றன. வெளியே எடுங்கள், கிழிந்தால் கிழியட்டும்.

நான்காம் படி: ஏலக் கணக்கும் வகுப்புக் கணக்கும்

மீன் ஏலத்தில் நிற்கிற பன்னிரண்டு வயதுப் பையனைப் பாருங்கள். கிலோ 340 என்று ஏழரைக் கிலோ நண்டு போனால் 2,550 என்று கண் சிமிட்டும் நேரத்தில் சொல்வான். அதே பையன் வகுப்பில் 340 × 7.5 என்று எழுதிப் போட்டால் புள்ளியை எங்கே வைப்பது என்று முழிப்பான். நம் ஊருக்கு மட்டும் வந்த வினோதம் இல்லை. டெல்லி, கொல்கத்தா சந்தைகளில் வியாபாரம் பண்ணும் பிள்ளைகளை வைத்து, நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் செய்த ஆய்வு 2025-இல் வெளியானது. கடைக் கணக்கில் புலியாக இருந்த பிள்ளைகள் பள்ளிக் கணக்கில் தடுமாறினார்கள். பள்ளிக் கணக்கு போடத் தெரிந்த பிள்ளைகள் கடைக் கணக்கில் தடுமாறினார்கள். இரண்டாவது செய்திதான் என்னை அதிகம் உறுத்தியது.

அப்படியானால் இரண்டையும் கையால் முடிச்சுப் போட வேண்டும். ஒரு பாடத்தை எப்படி நடத்துவது என்று காட்டுகிறேன்.

ஏழாம் வகுப்பில் யாராவது ஒரு பிள்ளையைப் பங்குக் கணக்கு சொல்லச் சொல்லுங்கள். நாட்டுப்படகு ஒன்றில் மீன் விற்றது ரூ.18,400. டீசல் ரூ.6,100, ஐஸ் ரூ.900, சாப்பாட்டுச் சாமான் ரூ.600. செலவு போக மிச்சம் ரூ.10,800. படகுக்கும் வலைக்கும் பாதி, மீதிப் பாதி நாலு பேருக்கு. ஆளுக்கு ரூ.1,350. இது வரைக்கும் வாய்க்கணக்கிலேயே முடிந்துவிடும். அப்புறம் கேளுங்கள்: ‘நாளைக்கு விற்பனை வேறு, செலவு வேறு. ஒவ்வொரு நாளும் முதலிலிருந்து போடாமல், என்றைக்கும் பொருந்துகிற மாதிரி ஒரே வரியில் எழுத முடியுமா?’ கொஞ்ச நேரம் சத்தமாக இருக்கும். விற்பனைக்கு ‘வி’, செலவுக்கு ‘செ’ என்று வைத்தால் ஆள் பங்கு = (வி − செ) ÷ 8 என்று யாராவது ஒருவர் வந்து நிற்பார். ஏன் எட்டு? பாதியில் நாலில் ஒன்று. இயற்கணிதம் அங்கே பிறந்துவிடும். ஐந்தாவது ஆள் ஏறினால் எட்டு என்னவாகும் என்று கேட்டுவிட்டு மணி அடிக்கட்டும். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதே பேச்சாக இருக்கும்.

அடுத்த கட்டம் எதிர்த்திசையில். புத்தகத்தில் இருக்கும் கணக்கை எடுத்து, ‘இதை நம்ம கரையில் எங்கே பார்ப்போம்?’ என்று பிள்ளைகளையே தேட விடுங்கள். விகிதம் வந்தால் பாசி: பத்துக் கிலோ ஈரப்பாசி காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ. மிதவையில் கப்பா பாசி வளர்க்கும் வீட்டுப் பிள்ளைக்கு 45 நாள் சுற்றுக் கணக்கும் தெரியும். பாகைமானி, அட்சரேகை வந்தால் ஜி.பி.எஸ்.: அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். ராமேஸ்வரம் வடக்கே 9 பாகை 17 நிமிடத்தை ஒட்டி இருக்கிறது. இலங்கையோடான கடல் எல்லைக் கோடு எத்தனை கடல் மைல் என்பது இந்தப் பிள்ளைகளுக்குப் பரீட்சைக் கேள்வி மட்டும் இல்லை. பாக் நீரிணையில் அப்பாவோ மாமாவோ பிடிபட்டுச் சிறையில் இருந்து வந்த வீடுகள் வகுப்பில் இருக்கும். அதனால் இந்தப் பாடத்தைப் பொறுமையாக, பெயர் குறிக்காமல் எடுங்கள்.

வட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். ‘நூத்துக்கு மூணு வட்டி’ என்று ஊரில் சொல்வது மாதத்துக்கு. வருஷத்துக்கு 36 சதவீதம். அஞ்சு வட்டி என்றால் 60. புத்தகத்தில் வட்டி ஆண்டுக்குத்தான் வரும், ஊரில் மாதத்துக்கு. இந்த ஒரு இடைவெளியில் எத்தனை வீட்டு நகை போயிருக்கிறது என்று தெரிந்தால் ஏழாம் வகுப்புத் தனிவட்டிப் பாடத்தை யாரும் ரெண்டு நாளில் முடிக்க மாட்டார்கள்.

ஐந்தாம் படி: எழுத்து, இங்கிலீஷ், அறிவியல்

வாரம் ஒரு பக்கம், நோட்ஸ் பார்க்காமல், சொந்தமாக. ‘எங்கள் தெருவில் குழாய் வரவில்லை’ என்று ஊராட்சிக்கு மனு, படகில் நடந்ததைப் பற்றி ஒரு பத்தி, அக்காவுக்கு ஒரு கடிதம். பிழைகளில் இரண்டை மட்டும் திருத்துங்கள். பக்கம் முழுக்கச் சிவப்பு மை ஓடினால் அடுத்த வாரம் மூன்று வரிக்கு மேல் வராது.

இங்கிலீஷில் என் கருத்து ஆசிரியர்கள் பலருக்குப் பிடிக்காது: ஆறாம் வகுப்பில் எழுத்துகளைச் சரியாக உச்சரிக்கத் தெரியாத பிள்ளைக்குச் செய்யுளின் கருத்துச் சுருக்கம் எழுதிப் போட்டு என்ன பிரயோஜனம்? மூன்றாம் படியில் சொன்ன மாதிரி அதிலும் குழு பிரித்து, படிவம், பெயர்ப்பலகை, மருந்துப் பெட்டி, ஏ.டி.எம். திரை என்று போங்கள்.

அறிவியலுக்கு நம்மிடம் இருப்பது மற்ற மாவட்டத்துக்காரர்கள் பொறாமைப்படுகிற சொத்து. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டல மையம் இருக்கிறது. பக்கத்தில், பாக் விரிகுடாவின் புதுக்கோட்டை, தஞ்சாவூர்க் கரையில் கடற்பசுவுக்கென்று 2022-இல் காப்பகம் அறிவித்தார்கள். வருஷம் ஒரு நாள் முன் அனுமதி வாங்கிப் பிள்ளைகளை ஆராய்ச்சி நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். மற்ற நாட்களில் ஒரு வாளிக் கடல்நீரும், உப்பளத்து உப்பும், கரையில் ஒதுங்கிய பாசியுமே போதும்.

ஆறாம் படி: படகு நாளைப் பார்த்துக் கூட்டம் போடுங்கள்

‘பெற்றோர் கூட்டத்துக்கு யாருமே வருவதில்லை’ என்று வெளியூர் ஆசிரியர்கள் அலுத்துக்கொள்வார்கள். கூட்டத்தை எந்தக் கிழமை வைத்தீர்கள் என்று கேட்டால் விஷயம் தெரிந்துவிடும். ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் விசைப்படகுகள் வழக்கமாகத் திங்கள், புதன், சனி கடலுக்குப் போய் மறுநாள் காலை திரும்புகிறவை. மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. புதன்கிழமை மதியம் கூட்டம் போட்டால் விசைப்படகு அப்பாக்கள் கடலில் இருப்பார்கள். வியாழன் காலை போட்டால் ஏலம் முடிந்து தூங்கிக்கொண்டிருப்பார்கள். வெள்ளி மாலை தோதுப்படும். முஸ்லிம் குடும்பங்கள் அதிகமுள்ள ஊர் என்றால் ஜும்ஆ முடிந்த பிறகு வையுங்கள். கிறிஸ்தவக் கிராமங்களில் ஞாயிறு திருப்பலி முடிந்து கோயில் வாசலில் கூடுகிற கூட்டத்தைவிடப் பெரிய பெற்றோர் கூட்டம் எங்கேயும் அமையாது. அங்கேயே கால் மணி நேரம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பாசி எடுக்கப் போகும் அம்மாக்கள் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் விடியற்காலையிலேயே போய்விடுவார்கள். காலண்டரில் அதையும் பார்த்துவிடுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள். கையில் காசு இருக்காது. நம் கல்வியாண்டு முடிவதும் மறுபடி தொடங்குவதும் இந்தக் காலத்திலேயே வருகின்றன. தடை முடிந்து ஜூன் 15 படகு இறங்குகிற வாரம் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பையன்களின் வருகைப் பதிவேட்டைப் பாருங்கள். ‘ரெண்டு நாள் மட்டும்’ என்று போவான். கையில் நோட்டுக் கட்டு பட்டதும் மறுபடி புத்தகம் எடுப்பது சிரமம். தடை முடிவதற்கு முன்பே, ஜூன் முதல் வாரத்தில் ஆசிரியர் ஒருவரும் குழு உறுப்பினர் ஒருவரும் அந்த வீடுகளுக்குப் போய் அப்பாவிடம் பேசிவிட வேண்டும். படகு இறங்கின பிறகு போனால் பேச்சு எடுபடாது. மூன்று நாள் தொடர்ந்து வராத பிள்ளையின் வீட்டுக்கு நாலாவது நாள் ஆள் போக வேண்டும் என்பதை எழுதாத சட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். வயது குறைந்த பிள்ளையை நண்டு கம்பெனிக்கோ வேறு வேலைக்கோ அனுப்புகிறார்கள், அல்லது பெண்பிள்ளைக்கு 18 முடியுமுன் கல்யாணப் பேச்சு நடக்கிறது என்றால் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. ஆனால் முதல் போன் ஊர்ப் பெரியவருக்குப் போகட்டும். பாதி அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் தயங்காமல் 1098.

ஏழாம் படி: மேலாண்மைக் குழு டீ குடிக்க மட்டும் இல்லை

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் எழுதும் பொறுப்பு 22-ஆம் பிரிவில் இந்தக் குழுவுக்குத்தான் இருக்கிறது. நிறையப் பள்ளிகளில் அந்தத் திட்டத்தைத் தலைமையாசிரியர் எழுதிவிட்டு, ‘கொஞ்சம் கையெழுத்துப் போடுங்கம்மா’ என்று நோட்டை நீட்டுவார். என் வாசலுக்கு வந்த பையன் கேட்டதும் இதேதான், எங்கே போடணும்!

குழு அம்மாக்களுக்கு என் யோசனை: கையெழுத்துப் போடுமுன் மூன்றே கேள்வி கேளுங்கள். இந்தப் பள்ளியில் எத்தனை பிள்ளைக்குத் தமிழ்க் கதை வாசிக்கத் தெரியும்? போன மாதத்தைவிட எத்தனை பேர் கூடியிருக்கிறார்கள்? எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை? மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்வது எல்லாப் பள்ளிக்கும் கஷ்டம். இந்தக் கரைக்கு வருகிறவர்கள் சொந்த மாவட்டத்துக்கு மாறுதல் கிடைத்ததும் கிளம்பிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை. தொடக்கப் பள்ளியில் 30 பிள்ளைக்கு ஒரு ஆசிரியர், ஆறு முதல் எட்டு வரை 35-க்கு ஒருவர் என்று சட்டத்திலேயே இருக்கிறது. காலியிடத்தைத் தேதியோடு தீர்மானமாக எழுதி மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்புங்கள், நகலைக் கிராம சபையில் வையுங்கள். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, ஜனவரி 26, மே 1 கூட்டங்களில் பள்ளியைப் பற்றி ஒரு வரியாவது பதிவாகட்டும். கல்வி உதவி எண் 14417-க்கும் பேசலாம். புகார் சொல்லும் தொனி வேண்டாம். நோட்டில் உள்ள எண்ணைச் சொல்லுங்கள். எண்ணை வைத்துப் பேசுகிற அம்மாவை யாரும் சுலபமாகத் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

எட்டாம் படி: எட்டாம் வகுப்பிலிருந்து பணமும் கதவுகளும்

மேல் வகுப்புகளில் பிள்ளை நிற்பதும் போவதும் பாதி காசு விஷயம். ஆகவே எந்த வகுப்பில் எந்தத் தேர்வு என்று எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வு: குடும்ப வருமானம் ஆண்டுக்கு ரூ.3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு ரூ.12,000. ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு. பதினொன்றாம் வகுப்பில் முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வு: ஒன்பது, பத்தாம் வகுப்புப் பாடத்திலிருந்து கேள்வி, தேர்வானால் ஆண்டுக்கு ரூ.10,000. முதல் தேர்வில் பாடக் கேள்விகளோடு மனத்திறன் கேள்விகளும் வரும். ஏழாம் வகுப்பிலிருந்து வாரம் இரண்டு மணி நேரம் பழக்கினால் பிள்ளைகள் தேறிவிடுவார்கள். ஜனவரியில் ஆரம்பித்தால் காலம் கடந்திருக்கும்.

பெற்றோர் கவனிக்க வேண்டிய ஒன்று. மருத்துவப் படிப்பில் 2020-இலும், பொறியியல், வேளாண்மை, மீன்வளம், சட்டம் போன்றவற்றில் 2021-இலும் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. பெண்களுக்குக் கல்லூரியில் மாதம் ரூ.1,000 தரும் புதுமைப்பெண், பையன்களுக்கான தமிழ்ப்புதல்வன் இரண்டுக்கும் இதே ஆறிலிருந்து பன்னிரண்டுக் கணக்கு உண்டு. கடன் வாங்கி ஒன்பதாம் வகுப்பில் தனியார் பள்ளிக்கு மாற்றி இதையெல்லாம் இழந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். மாற்றுவது உங்கள் உரிமை. இழப்பது என்னவென்று தெரிந்து மாற்றுங்கள்.

பதினொன்றில் குரூப் எடுக்கிற வாரம் ‘ஃபர்ஸ்ட் குரூப்தான் கெத்து’ என்கிற பேச்சு ஊர் முழுக்க ஓடும். ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், மீன்வளக் கல்லூரி, கப்பல் வேலைக்கான பயிற்சி, ராமநாதபுரத்திலேயே இருக்கும் சேதுபதி அரசு கலைக் கல்லூரி, அரசு மருத்துவக் கல்லூரி என்று ஒவ்வொன்றுக்கும் என்ன பாடம், என்ன மதிப்பெண் என்று ஒரு சார்ட்டில் எழுதி ஒன்பதாம் வகுப்பிலேயே மாட்டுங்கள். மேற்படிப்புக்கும் வேலைக்கும் வழிகாட்டும் ‘நான் முதல்வன்’ வகுப்பை மற்றப் பாடத்துக்குக் கடன் கொடுக்காதீர்கள். வெளிநாட்டுக் கனவு உள்ள பையனுக்கு ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள்: பத்தாம் வகுப்புத் தேறாதவரின் பாஸ்போர்ட்டில் குடியேற்றச் சோதனை தேவை என்ற வகைப்பாடு வரும்; வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர் தனி அனுமதி பெற வேண்டும். தேறினால் அந்த வகை மாறும். நான் பார்த்தவரை, பத்தாம் வகுப்பை விட்டுப் போக நினைத்த பையன்களைத் திருப்பிக் கொண்டுவந்ததில் என் அறிவுரைகளைவிட இந்த ஒரு தகவல்தான் அதிகம் வேலை செய்தது.

கடைசிப் படி: மார்ச்சில் அந்தப் பட்டியலை எடுங்கள்

ஜூனில் ஒட்டிய பட்டியலை மார்ச்சில், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த மறுவாரம், பிள்ளைகளைக் கூப்பிட்டு ஒவ்வொரு வரியாகச் சோதியுங்கள். மதிப்பெண் கிடையாது. மேசையில் நகைக் கடன் ரசீது, பட்டா நகல், மருந்துச் சீட்டு, கடல் வரைபடம், வெற்று மனுத்தாள். எங்கே அதிகம் பேர் தடுமாறுகிறார்களோ அது வரும் ஜூனில் ஆறாம் வகுப்புக்குப் போக வேண்டிய பாடம்.

கடைசியாக வைப்பது அந்தப் பையனின் அக்ரிமென்ட். பேர், பாஸ்போர்ட் எண் எல்லாம் மை தடவி மறைத்த நகல், அவனே கொடுத்தான். ஓய்வு பெற்ற பிறகும் இந்த ஒரு நாளைக்கு மட்டும் நான் போய் உட்காருவேன். சம்பளம் எங்கே என்று கேட்பேன், பெரும்பாலும் காட்டிவிடுவார்கள். போன மார்ச்சில் ஒரு பெண் சம்பளத்தைக் காட்டிவிட்டுத் தாளைத் திருப்பித் தரவில்லை. நாலு பக்கத்தையும் புரட்டி, மறுபடி முதல் பக்கத்துக்கு வந்து, “சார், ஓவர்டைம் பத்தி இதுல எங்கேயுமே இல்லையே?” என்றாள். வாங்கிப் பார்த்தேன். இல்லைதான். இத்தனை வருஷம் கையில் வைத்திருந்தும் நான் அதைக் கவனித்ததில்லை.